விடிய விடிய மேளப் போட்டி!

நடுவர் கிடையாது. மதிப்பெண் கிடையாது. பரிசுக் கோப்பையும் கிடையாது. ஆனாலும் ஜெயித்தது யார் என்பது பொழுது விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். கோவில் திருவிழா இரவுகளில் நடக்கும் மேளப் போட்டி அப்படிப்பட்டது.

செங்கல்பட்டில் இருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறது திருக்கழுக்குன்றம். மலை மேல் வேதகிரீசுவரர் கோவில். அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோவில். சித்திரை மாதம் இங்கே பெருந்திருவிழா. திருப்போரூரிலும் செய்யூரிலும் கந்தசாமி கோவில்கள். மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் கோவில். இந்த வட்டாரத்தில் திருவிழாவுக்குப் பஞ்சமே இல்லை.

சாமி புறப்பாடு என்றால் முன்னே மேளம் போகவேண்டும். ஒரு மேளம் போனால் அது வழிபாடு. ஊரார் ஆசைப்பட்டு இரண்டு மேளங்களை அழைத்துவிட்டால், வழிபாட்டோடு போட்டியும் சேர்ந்துகொள்ளும்!

எதிர் எதிரே இரண்டு செட்

இரண்டு நாதசுரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி. இவை சேர்ந்தது ஒரு செட். புறப்பாடு தொடங்கும்போது முதலில் ஒலிப்பது மல்லாரி. இதற்குப் பாட்டு வரிகள் இல்லை. கம்பீர நாட்டை ராகத்தில் முழங்கும் இசை அது. கேட்டவுடனே வீட்டுக்குள் இருப்பவர்களும் “சாமி கிளம்பிவிட்டது” என்று தெரிந்துகொள்வார்கள்.

வீதி முனையில் சாமி நிற்கும். ஒரு செட் ராகத்தை எடுக்கும். மற்றொரு செட் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு அவர்கள் முறை. முதல் செட் தோடியை விரிவாக வாசித்திருந்தால், இரண்டாவது செட் காம்போதியைக் கையில் எடுக்கும். அடுத்து தவில்காரர்கள் மோதுவார்கள். கூட்டத்தில் இருந்து “பலே!”, “சபாஷ்!” என்று குரல் எழும்பும்.

கூட்டம் எந்தப் பக்கம் நகருகிறது என்பதுதான் தீர்ப்பு. அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு வரும் அழைப்புதான் பரிசு.

சின்னப் பையனுக்கும் ஒரு முறை

பெரிய வித்துவான் ஒருவரே இரவு முழுவதும் ஊத முடியாது. அவர் மூச்சு வாங்க நிற்கும் நேரத்தில், பக்கத்தில் இரண்டாவது நாதசுரம் வாசிக்கும் இளைஞனுக்கு வாய்ப்பு கிடைக்கும். “நீ வாசி” என்று குரு தலையை அசைப்பார். எதிரே போட்டி செட். சுற்றிலும் ஊர் ஜனம். பையன் தப்ப முடியாது!

பல ஆண்டுகள் வீட்டில் பழகியது அந்தச் சில நிமிடங்களில் சோதிக்கப்படும். தேறிவிட்டால், “அந்தப் பையன் யார்?” என்று ஊர் கேட்கும். நாளைக்குப் பெரிய வித்துவான் ஆகப்போகிறவர் அன்றைக்குத்தான் பிறக்கிறார்.

எதைக் கவனிப்பது?

சங்கீதம் படிக்காதவர்களும் இந்தப் போட்டியை ரசிக்கலாம். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, மூச்சு. நாதசுரத்தில் விரல் ஓடுவது 7 துளைகளில்தான். ராகத்துக்கு வேண்டிய நுணுக்கமான சுரங்களை உதட்டாலும் மூச்சாலும் கொண்டுவரவேண்டும். குழலில் சரம் போலத் தொங்குவது அலங்காரம் அல்ல. மாற்றுச் சீவாளிகளும், சீவாளியைச் சரிசெய்யும் ஊசியும் அவை.

இரண்டாவது, மல்லாரியின் வேகம். ஒரே மெட்டை நிதானமாக வாசிப்பார்கள். பிறகு இரட்டிப்பு வேகத்தில் வாசிப்பார்கள். தாளம் மட்டும் மாறாது. பக்கத்தில் தாளம் தட்டுபவரைப் பார்த்தால் இது புரியும்.

மூன்றாவது, தவில். பலா மரத்தில் குடைந்தது. வலது கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். இடது கையில் குச்சி. இரண்டு தவில்களும் தனித் தனியே எங்கெங்கோ போய்விட்டு, கடைசியில் ஒரே அடியில் வந்து சேரும். அந்த இடத்தில் கூட்டமே மூச்சை விடும்!

புகழின் உச்சி

நாதசுரம் என்றவுடன் நினைவுக்கு வருபவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தோடி ராகத்துக்கு அவர்தான் என்றார்கள். உயரம் குறைந்த ‘திமிரி’க்குப் பதிலாக, நீண்ட ‘பாரி’ நாதசுரத்தைப் புகழ்பெறச் செய்தவரும் அவரே. 1947 ஆகஸ்டு 14-ந்தேதி நள்ளிரவு நாடு விடுதலை பெற்றபோது, வானொலியில் அவருடைய நாதசுரம் முழங்கியது.

1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை யாரும் மறக்கவில்லை. நாதசுரத்துக்கும் நாட்டியத்துக்கும் போட்டி! சிவாஜி கணேசன் வாசிப்பதாகத் திரையில் கேட்பது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு.

அமெரிக்காவிலும் உண்டு

தெருவில் இசைப் போட்டி நம் நாட்டில் மட்டும் நடந்தது அல்ல. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பேண்டு வாத்தியக் குழுக்கள் வண்டியில் ஏறி வாசித்தபடி போகும். தெரு முனையில் இரண்டு வண்டிகள் சந்தித்தால் போட்டிதான். தோற்பவர்கள் நழுவிவிடாதபடி இரண்டு வண்டிகளின் சக்கரங்களையும் சேர்த்துக் கட்டிவிடுவார்களாம்! அங்கேயும் கூட்டத்தின் ஆரவாரம்தான் தீர்ப்பு. உலகப் புகழ் பெற்ற லூயி ஆர்ம்ஸ்ட்ராங் அந்தத் தெருக்களில் கேட்டு வளர்ந்தவர்.

இன்றைய நிலை

இப்போது பல கோவில்களில் பூசை நேரத்தில் மின்சார மேளம் அடிக்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும். ஆள் வேண்டாம். கல்யாண வீட்டிலோ, தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம். மற்ற நேரத்தில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. வித்துவான் அரை மணி நேரம் ஒரு ராகம் வாசித்தால், உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை.

ஆனால் கற்றுக்கொள்ள வழி அடைபட்டுவிடவில்லை. காஞ்சிபுரத்தில் அரசு இசைப் பள்ளி இருக்கிறது. நாதசுரமும் தவிலும் 3 ஆண்டு சொல்லித் தருகிறார்கள். இந்த இரண்டு கலைகளிலும் சேர, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022 முதல் கலைத் திருவிழாப் போட்டிகள் நடக்கின்றன. நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெண்களும் பின்தங்கவில்லை. காலிஷாபி மகபூப் தம் கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு சேர்ந்து நாதசுரம் வாசித்துப் புகழ் பெற்றவர். 2020-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பள்ளிக்கூடம் சுரத்தைச் சொல்லிக் கொடுக்கும், சான்றிதழும் கொடுக்கும். ஆனால் நாலு பேர் நடுவில் எதிர் செட்டுக்குப் பதில் சொல்லும் துணிச்சலை வீதிதான் கொடுக்கவேண்டும். அதற்குக் கேட்பவர்கள் வேண்டும். வாண வேடிக்கை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டால், அந்த இளைஞன் யாருக்காக வாசிப்பான்?

அடுத்த திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், சாமி கும்பிட்டதும் திரும்பிவிட வேண்டாம். மேளத்தின் அருகே ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகளை முன் வரிசையில் நிறுத்துங்கள். இரண்டாவது நாதசுரம் வாசிக்கும் பையனோ பெண்ணோ நன்றாக வாசித்தால், அருகில் போய்ப் பெயரைக் கேளுங்கள். நாலு பேரிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் பெரிய வித்துவான்களுக்கும் பெயர் அப்படித்தான் பரவியது.