பாஸ்புக்கில் உள்ள வயதும் உடலில் உள்ள வயதும்

நவம்பர் பிறந்துவிட்டால் சிவாஜிநகரில் உள்ள நமது கிளையில் காலைப் பத்து மணிக்கு முன்பே நாற்காலிகள் நிரம்பிவிடும். ஓய்வூதியம் பெறுவோர் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் மாதம் அது. எண்பது வயதைக் கடந்தோர் அக்டோபரிலேயே அளிக்கலாம்; ஆயினும் பல்லாண்டுப் பழக்கம் எளிதில் மாறுவதில்லை. தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும் அக்கூடத்தில் ஒரு முற்பகல் முழுவதும் நாம் அமர்ந்திருந்தோம். அடுத்தடுத்த டோக்கன்களுடன் இருவர் காத்திருந்தனர். ஒருவர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பையுடன் தனியே படியேறி வந்தவர். மற்றவர் ஒரு கையில் கைத்தடியும் மறுகையில் மகளின் தோளுமாக வந்தவர். கணினித் திரை இருவருக்கும் காட்டிய வயது ஒன்றே: 74.

வங்கிக்கு அந்த எண் போதுமானது. மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி பிறந்த தேதியை மட்டுமே பார்க்கிறது. படியேறிய விதத்தைப் பார்ப்பதில்லை. மருத்துவர் அவ்வாறு இருந்துவிட இயலாது. இவ்விருவருக்கும் ஒரே புற்றுநோய், ஒரே நிலையில் கண்டறியப்பட்டால், ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுக்கலாமா? எவர் தாங்குவார், எவர் தாங்கமாட்டார் என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா? இக்கேள்விகளுக்கு விடை தேடும் துறையை முதியோர் புற்றுநோயியல் என்கிறார்கள். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் வளர்ந்த துறை இது. இதன் முடிவுகளுள் சில, முதியோர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை.

ஏனெனில் வீடுகளில் நிகழ்வது வேறு. "இந்த வயசில் எதற்கு அவரை வருத்த வேண்டும்?" என்று சில குடும்பங்கள் சிகிச்சையையே தவிர்த்துவிடுகின்றன. வேறு சில குடும்பங்கள், வைப்புநிதியை முன்கூட்டியே முறித்தேனும், இருப்பதிலேயே கடுமையான சிகிச்சையைக் கேட்டு வாங்குகின்றன. முன்னதற்குக் காரணம் பரிவு. பின்னதற்குக் காரணம் நன்றிக்கடன். இரண்டிலும் பிழை நேரலாம் என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆய்வில் இடம்பெறாதவர்கள்

முதலில் ஒரு பழைய கணக்கு. 1999-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டனர். சிகிச்சை ஆய்வுகளில் சேர்ந்த 16,396 புற்றுநோயாளிகளின் வயதை அவர்கள் பார்த்தனர். அந்நாட்டுப் புற்றுநோயாளிகளில் 63 விழுக்காட்டினர் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள். ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களிலோ அவ்வயதினர் 25 விழுக்காடே. மருந்தின் அளவு, பலன், பக்கவிளைவு ஆகிய அனைத்தும் பெரும்பாலும் இளையோரின் உடலில் கண்டறியப்பட்டு, முதியோரின் உடலில் பயன்படுத்தப்பட்டன. மகனின் அளவுக்குத் தைத்த சட்டையைத் தந்தைக்கு அணிவித்த கதைதான்.

அதன்பின் முதியோரை மட்டுமே சேர்த்த ஆய்வுகள் வரத் தொடங்கின. மார்பகப் புற்றுநோயில் நடந்த இரண்டு ஆய்வுகளை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அவை இரண்டும் நேர் எதிர்த் திசைகளில் பாடம் சொல்கின்றன.

முதல் ஆய்வில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 636 பெண்கள் சேர்ந்தனர். அனைவருக்கும் சிறிய கட்டி, தொடக்க நிலை, ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படும் வகை. கட்டி அகற்றப்பட்ட பின், ஒரு பிரிவினருக்குத் தமாக்சிபென் மாத்திரையுடன் கதிர்வீச்சும், மற்றொரு பிரிவினருக்கு மாத்திரை மட்டுமே அளிக்கப்பட்டன. பத்து ஆண்டு விவரம் 2013-இல் வெளியாயிற்று. கதிர்வீச்சு பெற்றவர்களில் 98 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 90 விழுக்காட்டினருக்கும் அதே இடத்தில் நோய் திரும்பவில்லை. ஆனால் உயிருடன் இருந்தோர் விகிதம் 67-உம் 66-உம். வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். இன்னொரு விவரம் நம்மை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அந்த ஆண்டுகளில் இறந்த 334 பெண்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 21 பேர் மட்டுமே. மற்ற அனைவரும் வேறு காரணங்களால் மறைந்தவர்கள். அப்பெண்களுக்குப் பல வாரங்கள் மருத்துவமனைக்கு நடக்கும் அலைச்சல் தேவைப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, 'முதியவர்களுக்குக் குறைவான சிகிச்சையே போதும்' என்று முடிவு கட்டினால் தவறாகும். 2009-இல் வெளியான இரண்டாவது ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 633 பெண்கள் பங்கேற்றனர். இவர்களின் நோய் கீமோதெரபி தேவைப்படும் வகை. வழக்கமான கீமோதெரபிக்குப் பதில், எளிதில் தாங்கக்கூடிய கேப்பசிட்டபைன் மாத்திரையே போதுமா என்று பார்த்தனர். போதவில்லை. மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தோர், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 85 விழுக்காடு. மாத்திரைப் பிரிவில் 68 விழுக்காடு. வயதைக் கருதி இரங்கி மென்மையான மருந்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்த இரக்கமே பலரின் உயிருக்கு ஊறாகியிருக்கும்.

ஆகவே வயதை மட்டும் வைத்துக் கூட்டவும் இயலாது, குறைக்கவும் இயலாது. நோயின் தன்மை, மருந்தின் தன்மை, அந்த உடலின் தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. முதல் இரண்டையும் பரிசோதனைக் கூடம் சொல்லிவிடும். மூன்றாவதை எப்படி அறிவது?

கேட்டால் தெரியும்

இங்கேதான் ஆர்த்தி ஹுர்ரியா என்ற மருத்துவரைக் குறிப்பிட வேண்டும். கலிபோர்னியாவில் 'சிட்டி ஆஃப் ஹோப்' மருத்துவமனையில் பணியாற்றியவர். 2018-இல் சாலை விபத்தொன்றில் காலமானார். 65 வயதும் அதற்கு மேலும் ஆன 500 நோயாளிகளை, கீமோதெரபி தொடங்கும் முன்பிருந்தே அவரும் சக ஆய்வாளர்களும் கவனித்து வந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, சரியாகச் சொன்னால் 53 விழுக்காட்டினருக்கு, கடுமையான பக்கவிளைவுகள் ஏற்பட்டன. அவர்கள் யார் என்பதை எவை முன்கூட்டிச் சொல்லின என்று பார்த்ததன் பயன்தான் 2011-இல் வெளிவந்த மதிப்பெண் முறை.

அதிலுள்ள பதினொரு அம்சங்களில் இரத்தச் சோகை, சிறுநீரகத் திறன், மருந்துகளின் எண்ணிக்கை, அளவு போன்றவை எதிர்பார்த்தவையே. மற்றவற்றைப் பாருங்கள். கடந்த ஆறு மாதங்களில் கீழே விழுந்ததுண்டா? காது நன்றாகக் கேட்கிறதா? மாத்திரைகளைத் தாமே எடுத்துக்கொள்கிறாரா, ஒருவர் எடுத்துத் தர வேண்டுமா? ஒரு தெரு நீளம் நடக்க முடிகிறதா? உடல்நலக் குறைவால் உறவினர், நண்பர் வீடுகளுக்குச் செல்வது குறைந்துவிட்டதா? இவற்றுக்கு ஸ்கேன் வேண்டாம், ஊசி வேண்டாம். ஒரு தாளும் பேனாவும், கேட்க ஒருவரும் போதும். நெடுங்காலமாகப் புற்றுநோய் மருத்துவர்கள் ஒரே பார்வையில் நோயாளியின் நிலையை எடைபோட்டு இட்டுவந்த மதிப்பெண், இவ்விஷயத்தில் முன்னறிவிக்கத் தவறியதையும் அதே ஆய்வு காட்டியது.

கேட்டதோடு நின்றால் பயனென்ன என்று வாசகர் வினவலாம். அதற்கும் விடை உண்டு. 2021-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், 70 வயதைக் கடந்த, முற்றிய நோயுடைய 718 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவு மருத்துவர்களுக்கு முதியோர் நல மதிப்பீட்டின் சுருக்கமும், செய்யத்தக்கவை பற்றிய குறிப்பும் தரப்பட்டன. மற்றப் பிரிவினர் வழக்கம்போல் சிகிச்சை அளித்தனர். கடுமையான பக்கவிளைவுகள் வழக்கமான பிரிவில் 71 விழுக்காட்டினருக்கும், மதிப்பீடு பெற்ற பிரிவில் 51 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன. கீழே விழுந்தோர் எண்ணிக்கையும் குறைந்தது. முதல் சுற்றில் மருந்தின் அளவு பலருக்குக் குறைக்கப்பட்டும், அதனால் வாழ்நாள் குறையவில்லை.

அளவைக் குறைப்பதென்றால் பலருக்கு அச்சம். பிரிட்டனில் 514 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு அதற்கும் ஓரளவு பதில் சொல்கிறது. முற்றிய இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோயுடன் முதுமையோ தளர்ச்சியோ உடையவர்கள் அவர்கள். முழு அளவு, 80 விழுக்காடு, 60 விழுக்காடு என மூன்று பிரிவாகப் பிரித்தனர். நோயைக் கட்டுப்படுத்துவதில் 60 விழுக்காட்டு அளவு பின்தங்கவில்லை, பக்கவிளைவுகளோ குறைவு. இது குணப்படுத்த இயலாத நிலையில் உள்ள நோயைப் பற்றிய முடிவு என்பதை மறக்கலாகாது. குணப்படுத்தக்கூடிய நோயில் அளவைக் குறைப்பது வேறு கணக்கு.

பம்பாயிலும் பெங்களூரிலும்

நம் நாட்டில் இவ்வழி செல்வோருள் முதன்மையாக மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையைச் சொல்லலாம். 2018-இல் அங்கு முதியோர்க்கென்று தனிப் புற்றுநோய் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. அதே மருத்துவமனையின் மற்றோர் ஆய்வு நம் ஊர்களுக்கு மிகவும் நெருக்கமானது. புகையிலை மிகுந்த நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய் அதிகம். கதிர்வீச்சுடன் சேர்த்துச் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து தரப்படுவது வழக்கம். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் செவித்திறன் குறைந்தவர்களுக்கும் அது ஒவ்வாது. முதியோரில் இவை இரண்டும் பொதுவானவை. அவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டுமே தரப்பட்டு வந்தது. அத்தகைய 356 பேரிடம் டோசிடாக்செல் மருந்தைச் சிறு அளவில் சேர்த்துப் பார்த்தனர். இரண்டாண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் 41.7 விழுக்காட்டிலிருந்து 50.8 விழுக்காடாக உயர்ந்தனர். 2023-இல் வெளியான முடிவு இது. 'இவருக்கு அந்த மருந்து ஆகாது' என்பதோடு பேச்சு முடிந்துவிட வேண்டியதில்லை. 'அப்படியானால் எது ஆகும்?' என்று அடுத்து கேட்கலாம்.

சிவாஜிநகர்வாசிகளுக்கு நோய் என்றதும் நினைவுக்கு வருவது கன்டோன்மென்ட் காலத்திலிருந்து இங்கு நிற்கும் பவுரிங் மருத்துவமனை. புற்றுநோய் என்றால் ஓசூர் சாலைக்கு அருகிலுள்ள கிட்வாய் நினைவு நிலையம். 1973-இல் தொடங்கிய அந்நிலையத்தில், 1982 முதல் பெங்களூரின் புற்றுநோய்ப் பதிவேடு பராமரிக்கப்படுகிறது. மும்பை, சென்னை, பெங்களூர் என்று மூன்று நகரங்களில் ஒன்றாகத் தொடங்கிய பணி அது. நாட்டின் எல்லாப் பதிவேடுகளையும் ஒருங்கிணைக்கும் தேசிய மையமும் இன்று நம் நகரிலேயே உள்ளது. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்தது என்பதை அப்பதிவேடு சொல்லும். நோயாளி எத்தனை முறை விழுந்தார், ஒரு தெரு நீளம் நடந்தாரா என்பதை எந்தப் பதிவேடும் குறித்துவைப்பதில்லை. அதை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

அதனால் முதல் சந்திப்புக்குச் செல்லும்போது அறிக்கைகளுடன் இன்னும் சிலவற்றையும் எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் அதில் இருக்கட்டும். ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததை 'சின்ன விஷயம்' என்று மறைக்காதீர்கள். 'இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா, வலியைக் குறைக்கவா?' என்று தயங்காமல் கேளுங்கள். நோயின் பெயரைப் பெரியவரிடமே மறைப்பது நம்மிடையே வழக்கம். அவர் எதை விரும்புகிறார் என்று தெரியாமல் சிகிச்சையின் கடுமையை மகனும் மகளும் தீர்மானிப்பது சரியாகாது என்பதே எம் கருத்து.

பணத்தைப் பற்றியும் சில சொற்கள். 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பு உண்டு என 2024 அக்டோபரில் மத்திய அரசு விரிவுபடுத்தியது. தாங்கள் செல்லும் மருத்துவமனை அதை ஏற்கிறதா என்று சேரும் முன்பே கேட்டறிவது நலம். 70 வயதைக் கடந்த வாடிக்கையாளர்களுக்கு இல்லத்துக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளைப் பணித்துள்ளது. கையெழுத்திட இயலாத அளவு நோயுற்றவர், வங்கி அலுவலர் ஒருவர் உள்ளிட்ட இரு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் பெறலாம். இதை அறியாமல் நோயாளியை ஆட்டோவில் ஏற்றிக் கிளைக்கு அழைத்து வருவோர் இன்னும் இருக்கிறார்கள்.

முதியோர் மதிப்பீட்டில் 1969 முதல் வழங்கிவரும் எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், பயணம், மருந்து. எட்டாவது, தம் பணத்தைத் தாமே கையாளுதல். (சமையலறைப் பக்கமே போகாத நம் வீட்டு ஆண்களுக்குச் சில கேள்விகள் பொருந்தா என்பது வேறு விஷயம்.) அன்று கவுன்ட்டரில் கைத்தடிக்காரர் படிவத்தைத் தாமே நிரப்பினார், பணத்தை இருமுறை எண்ணினார், ஆட்டோவுக்கு எவ்வளவு என்று சொல்லி மகளிடம் தனியே எடுத்துக் கொடுத்தார். காய்கறிப் பையுடன் படியேறி வந்தவரிடம் அலுவலர் கைப்பேசி எண்ணைக் கேட்டார். அவர் சற்று யோசித்தார். பின்னர் பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஒரு சீட்டைத் தேடத் தொடங்கினார்.