குக்கர் விசிலுக்குப் பயந்த கதை

2006 ஜூலை 11 மாலை, மும்பை மேற்கு ரயில்வே லோகல் வண்டிகளில் சுமார் பதினோரு நிமிடத்துக்குள் 7 குண்டுகள் வெடித்தன. எல்லாமே முதல் வகுப்புப் பெட்டிகளில். நூற்றெண்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மாஹிம் பக்கம் வெடித்த வண்டியில், அடுத்த பெட்டியில் நான் நின்றிருந்தேன். உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. "பெருமாள்தான் காப்பாற்றினார்" என்றார்கள். மூன்றாம் நாளே ஆபீசுக்குப் போனேன்.

தொந்தரவு பிறகுதான் ஆரம்பித்தது. குக்கர் விசில் அடித்தால் கை நடுங்கும். இரவில் அதே புகை, அதே அலறல். பையன் கதவை அறைந்து சாத்தினால் அடிக்கப் போய்விடுவேன். லோகலை விட்டுவிட்டு போரிவிலியிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. அந்தத் தீபாவளியன்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டாள். (மிளகாய் நெடிதான் மிச்சம்!)

கடைசியில் மனைவிதான் மனநல டாக்டரிடம் இழுத்துப் போனாள். 'போஸ்ட் டிராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸ்ஆர்டர்' என்றார் அவர். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களிடம் கண்டதை 'ஷெல் ஷாக்' என்றார்கள். இந்தப் பெயர் 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் ஏறியது. பெரிய ஆபத்துக்குப் பின் சில வாரம் தூக்கம் கெடுவது இயல்பு. பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்து, வேலையையும் வீட்டையும் கெடுத்தால்தான் நோய். மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்து மணி அடிக்கிறது. எனக்கு அந்த மணி நிற்கவே இல்லை. நான் ரயிலை ஒதுக்க ஒதுக்க, 'ரயில் என்றால் ஆபத்து' என்பதே அதற்கு உறுதியாகிக்கொண்டிருந்தது.

தூக்க மாத்திரை கேட்டேன். அது இந்த நோயைத் தீர்க்காது, பழக்கமாகிவிடும் என்று மறுத்து, செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தார். அதைவிடக் கடினமானது மற்றொன்று. கண்ணை மூடிக்கொண்டு, அன்று நடந்ததை இப்போது நடப்பதுபோல் சொல்லச் சொன்னார். அதைப் பதிவு செய்து, தினமும் வீட்டில் கேட்கச் சொன்னார். முதல் தடவை பாதியில் எழுந்து ஓடிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பின், கேட்டுக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி வந்தது. டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம்!

பிறகு மாதுங்கா ரோடு ஸ்டேஷன் பெஞ்சில் வெறுமனே உட்காரும் வேலை. பயம் இறங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அடுத்து, மாஹிம் வரை ஒரே ஒரு ஸ்டேஷன். நாலாவது மாதம் சர்ச்கேட் போனேன்.

வீட்டிலிருப்பவர்கள் "அதை மறந்துவிடு" என்று சொல்ல வேண்டாம். கிளறிக் கிளறிக் கேட்கவும் வேண்டாம். என் மனைவி குக்கரில் வெயிட் போடுமுன் "என்னங்க, விசில் வரும்" என்று குரல் கொடுப்பாள். எனக்கு அது போதுமாயிருந்தது. யாரிடம் போவதென்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண் 14416-க்குப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

ஜூலை வந்தால் இப்போதும் நாலைந்து நாள் தூக்கம் பிசகும். ஆனாலும் 8.12 லோகலை விடுவதில்லை.