முதியோர் காப்புறுதி: இலவசம் கொடுத்த கம்பனிகள் கடையைச் சுருக்குகின்றன

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிக்கெயார் என்ற அரச மருத்துவக் காப்புறுதி உண்டு. 1965 இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டம் அது. வைத்தியச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் கட்டும். மீதி நோயாளியின் பொறுப்பு. அதே சலுகையைத் தனியார் கம்பனிகள் வேறு பொதியில் கட்டி விற்பதுதான் மெடிக்கெயார் அட்வான்டேஜ். 2003 இல் வந்த சட்டம் அதற்கு இந்தப் பெயரை வைத்தபோது ஏழெட்டுப் பேரில் ஒருவர்தான் அதில் இருந்தார். 2023 இல் பாதிப்பேரைத் தாண்டிவிட்டது. 2025 இல் சுமார் 3 கோடியே 40 இலட்சம் பேர்.

வியாபாரிகளான நாம் பார்க்க வேண்டியது, பணம் எந்த வழியில் வருகிறது என்பதை. ஒரு முதியவர் சேர்ந்தால் அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று மாதா மாதம் கம்பனிக்குக் கொடுத்துவிடும். நோய் கூடியவர் என்று பதிவானால் தொகையும் கூடும். வரவு முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. செலவு எவ்வளவு என்று வருட முடிவில்தான் தெரியும். முப்பது வருடமாகக் கல்லாப்பெட்டிக்கு முன்னால் இருக்கும் எனக்கு இப்படியொரு வியாபாரம் என்றால் தூக்கம் வராது.

ஆனால் அவர்கள் துணிந்து இறங்கினார்கள். பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, உடற்பயிற்சி நிலைய அங்கத்துவம் என்று அள்ளிக் கொடுத்தார்கள். பல திட்டங்களுக்கு மேலதிகக் கட்டணமே இல்லை. பதிலுக்கு, கம்பனியின் பட்டியலில் உள்ள டொக்டரிடம் போக வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் முதலில் கம்பனியிடம் அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதி இழுபடுவது பற்றித்தான் அங்கே முறைப்பாடுகள் அதிகம்.

கொரோனா காலத்தில் தள்ளிப்போட்ட சத்திர சிகிச்சைகளுக்கு 2023 இல் முதியவர்கள் வரிசையாக வந்தார்கள். செலவு ஏறியது. நோய்ப் பதிவை வைத்துத் தொகை கணிக்கும் முறையை 2024 முதல் அரசாங்கம் இறுக்கியது. 2025 இல் மருந்துக்கு நோயாளி கையிலிருந்து கட்டும் தொகை வருடத்துக்கு 2,000 டொலர் என்று மட்டுப்படுத்தப்பட, அதற்கு மேற்பட்ட சுமையில் பெரும்பங்கு காப்புறுதிக் கம்பனிகளின் தலையில் விழுந்தது.

பிறகு நடந்தது நமக்குப் பழக்கமானதுதான்: ஓடாத கிளைக்குப் பூட்டு. ஹியூமானா கம்பனி 2025 க்குப் பல திட்டங்களைக் கைவிட்டு ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோரை இழந்தது. சிக்னா கம்பனி தன் மெடிக்கெயார் வியாபாரத்தையே 2025 மார்ச்சில் விற்றுவிட்டு ஒதுங்கியது. சந்தையில் முதலிடத்தில் இருந்த யுனைட்டட்ஹெல்த் 2025 ஏப்ரலில் இலாப எதிர்பார்ப்பைக் குறைத்தபோது அதன் பங்கு விலை ஒரே நாளில் ஐந்திலொன்றுக்கு மேல் விழுந்தது. 2026 க்குச் சுமார் 6 இலட்சம் பேரின் திட்டங்களை நிறுத்தப்போவதாக அதுவும் அறிவித்தது.

கம்பனிக்கு இது கணக்கு. 78 வயது நோயாளிக்கு அப்படியல்ல. அரச மெடிக்கெயாருக்குத் திரும்பலாம். ஆனால் அது விடும் மீதியைக் கட்ட மெடிகப் என்ற துணைக் காப்புறுதி தேவை. தானாக விலகி வருபவரின் நோயைக் காட்டி, அதை விற்க மறுக்கப் பெரும்பாலான மாநிலங்களில் கம்பனிகளுக்கு உரிமை உண்டு. திட்டம் நிறுத்தப்பட்டவரை மட்டும் அப்படித் திருப்பி அனுப்ப முடியாது. அதற்கும் காப்புறுதி முடிந்து 63 நாட்களுக்குள் அவர் விண்ணப்பிக்க வேண்டும். இந்த உரிமை அவருக்கு வரும் அறிவித்தல் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கும். விளம்பரக் கடிதங்கள் குவியும் ஒக்டோபர் மாதத்தில்தான் அந்தக் கடிதமும் வந்து சேர்கிறது.