பொழுதுபட்ட பிறகு கொழும்பில்

"பொழுதுபட்டால் பொம்பிளைக்கு றோட்டில என்ன வேலை?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த பெண் எங்கள் மத்தியில் இருக்கமாட்டாள். கிளிநொச்சியில் பெண்கள் குழுவொன்றுடன் வேலை செய்யும் எனக்கு, இக்கேள்வி ஒரு வாழ்வாதாரப் பிரச்சினையாக வந்து சேர்ந்தது. குழுவிலுள்ள அக்கா ஒருவர் பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் மாலைநேர உணவுக்கடை போட விரும்பினார். பிட்டு, இடியப்பம், சம்பல், சொதி. ஏ9 வீதியால் கொழும்புக்குப் போகும் இரவுப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வாங்குவார்கள் என்பது அவரது கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் 2009இல் கணவனை இழந்த அவருக்கு அவருடைய அண்ணன் சொன்ன பதில், மேலே உள்ள அந்த ஒற்றைக் கேள்விதான்.

அதன் பின்னர் உற்பத்திப் பொருட்களின் கண்காட்சியொன்றுக்காக அவரையும் வேறு இரு பெண்களையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றேன். இரண்டாம் நாள் பின்னேரம் அவர் கேட்டார்: "தங்கச்சி, இஞ்ச இரவில என்ன விக்கினம், ஆர் விக்கினம் எண்டு ஒருக்காப் பாப்பமே?" ஓட்டோவுக்குச் செலவழிக்க எங்களிடம் பணம் இருக்கவில்லை. பஸ்ஸில் போவது, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது என்று முடிவெடுத்தோம். நால்வருக்கும் அதுதான் இராச்சாப்பாடு.

வெள்ளவத்தையில் தொடங்கினோம். மாலை ஆறரை மணி. சைவக்கடையொன்றில் வடையும் பிளேன்ரீயும் எடுத்துக்கொண்டு இருக்கையில், அக்காவின் கண் சமையலறைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பின்வாசலால் ஒரு பெண் இரண்டு பெட்டிகளில் இடியப்பம் கொண்டுவந்து இறக்கினார். வெளியே வந்ததும் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து ஒழுங்கையில் வசிப்பவர், ஊர் கொக்குவில். மத்தியானம் சமையல் முடிந்த கையோடு மா குழைக்கத் தொடங்கினால் மாலைக்குள் இரண்டு கடைகளுக்கு அவித்து முடித்துவிடுவாராம். "அவிக்கிறது நான். கடைப் பேரில விக்கினம்" என்று சிரித்தார்.

சமூகவியலில் இதைப் பால்நிலை வேலைப் பிரிவினை என்று படித்திருக்கிறேன். உணவைத் தயாரிக்கும் வேலை வீட்டுக்குள், பகலில், பெண்ணிடம். அதைக் காசாக்கும் வேலை வீதியில், இரவில், ஆணிடம். கையில் வெறும் பெட்டிகளோடு அந்தப் பெண் ஒழுங்கைக்குள் திரும்பியபோதுதான் படித்தது எனக்குச் சரியாக விளங்கியது.

காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸுக்கு நின்றபோது எங்களில் மூத்தவர் பேசாமல் இருந்தார். ஏறி அமர்ந்த பிறகுதான் சொன்னார். 2007இல் வெளிநாட்டுப் பயண அலுவலாக வந்து இதே வெள்ளவத்தையில் விடுதியொன்றில் தங்கியிருந்தாராம். அந்த வருடம் ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களில் முன்னூறுக்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டதை வாசகிகள் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் இவர் வவுனியாவில் இறக்கப்பட்டிருந்தார். "அண்டைக்கு ஏத்தினாங்கள். அதுக்குப் பிறகு இந்த றோட்டில பஸ் ஏறுறது இண்டைக்குத்தான்" என்றார். ரிக்கற் காசை அவரே கொடுத்தார். எங்களைக் கொடுக்க விடவில்லை.

காலிமுகத்திடலில் இறங்கியபோது எட்டு மணி. அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நன்மைக்காக அதைப் பேணுமாறு தனக்குப் பின் வருவோருக்கு அவர் விட்ட வேண்டுகோள் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் மனதில் இருந்தது எங்களைப் போன்ற பெண்கள் அல்ல என்பது தெரியும். ஆனாலும் 'எங்களுக்கெண்டு கட்டினது' என்று சொல்லிக்கொண்டு கடற்காற்றில் நின்று இறால் வடை சாப்பிட்டோம்.

மாங்காய் அச்சாறு விற்றவர் ஒரு சிங்களப் பெண். என் அரைகுறைச் சிங்களத்தில் அக்காவின் கேள்விகளைக் கேட்டேன். எத்தனை மணிவரை நிற்பீர்கள்? பத்து மணி வரை. பயமில்லையா? பயம்தான். அதனால் பக்கத்துக் கடைப் பெண்ணும் இவரும் ஒன்றாகத்தான் கடையைக் கட்டுவார்கள், ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். ஒருவருக்குச் சுகமில்லாவிட்டால் மற்றவரும் நேரத்துக்கே வீடு போய்விடுவார். இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.

அடுத்து புறக்கோட்டை. அங்கிருந்து வேறொரு பஸ்ஸில் பஞ்சிகாவத்தைப் பக்கம் இறங்கிப் புதுக்கடைக்கு நடந்தோம். புதுக்கடை எங்கள் பெண்களுக்குப் புதிய இடமல்ல. நீதிமன்றங்கள் இருக்குமிடம். எங்களில் நான்காமவர் தம்பியின் வழக்குக்காக மூன்று வருடங்கள் அங்கு வந்து போனவர். விடிய வந்து, வாசலில் காத்திருந்து, தவணை கேட்டுக்கொண்டு, பின்னேரம் பஸ் பிடித்துத் திரும்புவார். இரவில் அந்த வீதிகள் உணவுச் சந்தையாக மாறும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இருபுறமும் மின்வெளிச்சம், சுட்ட இறைச்சியின் புகை, தகட்டில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம், பலூடா கிளாஸ்கள். "இந்த மதிலோட சாப்பிடாமல் எத்தினை நாள் நிண்டிருப்பன்" என்றார்.

கடையில் பரிமாறிய நானா எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆம்பிளைங்க வாறாங்களா?" என்று கேட்டார். "இல்லை, நாலு பேர்தான்" என்றேன். அவர் மறு கேள்வி கேட்காமல் மேசையைத் துடைத்துத் தந்தார். இரண்டு கோழிக் கொத்தை நால்வர் பகிர்ந்தோம். சுற்றிலும் குடும்பமாக வந்த பெண்கள் நிறையப் பேர். ஆனால் அடுப்படியில் நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். வீட்டில் சமையல் பெண்ணுக்குரியது என்கிற சமூகம், அதே சமையலுக்குச் சம்பளம் கிடைக்கும் இடத்தில் வேறு நியாயம் பேசுகிறது.

திரும்பும் பஸ்ஸில் சனநெருக்கடி. ஒருவன் மூத்த அக்காவின் மேல் சாய்ந்துகொண்டு நின்றான். அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "தள்ளி நில்லுங்கோ!" என்றார். நடத்துநர் அவனை முன்னால் போகச் சொன்னார். இது சின்ன விடயமல்ல. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், கருத்துத் தெரிவித்த பெண்களில் 90 வீதமானோர் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாகக் கூறியிருந்தனர். பொலிஸாரிடம் உதவி கேட்டவர்கள் 4 வீதத்தினர் மட்டுமே. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றமாகும். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. இந்த எண்ணைக் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

விடுதிக்கு வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. ஒருவருக்கும் நித்திரை வரவில்லை. அக்கா கொப்பியை வைத்துக்கொண்டு அரிசிமா, தேங்காய், விறகு என்று விலை போட்டுக்கொண்டிருந்தார்.

இரவு வீதி பெண்ணுக்கு ஆபத்தில்லாதது என்று நான் எழுதமாட்டேன். ஆபத்து உண்டு. ஆனால் ஆபத்துக்கு மருந்து பெண்ணை வீட்டுக்குள் வைப்பது என்றால், இரவில் வரும் வருமானம் முழுவதையும் நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம். அவித்துக் கொடுத்துவிட்டு வெறும் பெட்டியோடு திரும்புகிறோம். எங்கள் ஊர்களில் அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் தாமே சமைத்துத் தாமே விற்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம் அல்லவா? அதை இருட்டிய பிறகும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் மிச்சம்.

அக்காவின் கடை இப்போது நடக்கிறது. தனியே அல்ல, எங்களோடு கொழும்புக்கு வந்த மூத்தவரும் சேர்ந்துகொண்டார். இரவு எட்டரைக்கு இருவரும் ஒன்றாகக் கடையைக் கட்டி ஒன்றாகப் போகிறார்கள். மழை நாட்களில் நட்டம். அண்ணன் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஆனால் கிழமையில் இரண்டு நாள் மகனை அனுப்பிப் பிட்டு எடுப்பிக்கிறார். அக்கா காசை எண்ணித்தான் வாங்குகிறார்.