வீட்டுக் கணிப்பொறி கற்பித்த பாடங்கள்



மொழிபெயர்ப்பாளனுக்குப் பேனாவும் அகராதியுமே கருவிகளாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அவற்றோடு கணிப்பொறியும் சேர்ந்துவிட்டது. நான் கலைக் கல்லூரியில் பயின்றவன். யந்திர நுட்பம் கற்றவனல்லேன். மத்திய அரசுப் பணியில் சேர்ந்தபின், 2004-ஆம் ஆண்டில், வரதய்யபாளையத்தில் உள்ள எங்கள் இல்லத்தில் ஒரு கணிப்பொறி வாங்கி வைத்தேன். அந்நாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது.

தமிழ்நாட்டு எல்லை அண்மையில் இருப்பினும், என் பிள்ளைகள் பள்ளியில் கற்பது தெலுங்கே. ஆகவே, என் தந்தையார் தமது இளமை நினைவுகளைத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் அவற்றைக் கணிப்பொறியில் எழுதி வந்தேன். ஏறக்குறைய நூறு பக்கங்கள் சேர்ந்தன. அவர் மறைந்தபின், அவருடைய குரலுக்கு ஈடாக எங்களிடம் எஞ்சியவை அப்பக்கங்களே. அவற்றை நான் மும்முறை இழக்கும் நிலைக்கு வந்தேன். அதனால் கற்றவற்றையே இங்கு கூற விரும்புகிறேன்.

முதல் நிகழ்ச்சி 2012-ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில் நேர்ந்தது. ஒருநாள் மாலை பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுழன்றது. திரையில் ஒளி இல்லை. நீண்ட ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையே போய்விட்டது, புதிய யந்திரம் வாங்குவதே நலம் என்றார்.

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று ஆராய்ந்த பின்னரே மருந்து தரவேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறையன்றோ? அம்முறை யந்திரத்துக்கும் பொருந்தும். பழுதை வெளியிலிருந்து உள்ளே நோக்கி, படிப்படியாகத் தேடவேண்டும். சுவரில் மின்சாரம் வருகிறதா? ப்ளக் தளர்ந்துள்ளதா? திரைக்குச் செல்லும் கம்பி நன்கு பொருந்தியுள்ளதா? இவற்றைப் பார்த்த பின்னரே பெட்டியைத் திறக்கலாம். ஒரே வேளையில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும். செய்ததை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எதனால் குணமாயிற்று என்று தெரியாமற் போகும்.

விசிறி சுழன்றமையால் மின்சாரம் வருகிறது என்பது தெளிவு. நீண்ட ஒலியோ, பெரும்பாலும் நினைவகப் பலகையின் குறையைக் காட்டுவது. ப்ளக்கைக் கழற்றி, உடலில் தேங்கிய மின்னூட்டம் நீங்கும்பொருட்டுப் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டபின், அச்சிறு பலகையை எடுத்தேன். அதன் பொன்னிற விளிம்பில் ஈரக்காற்றினால் மாசு படிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் பொருத்தினேன். யந்திரம் எழுந்தது! செலவு ஒன்றுமில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. மின்சாரத்தை மாற்றித் தரும் மூடிய பெட்டி ஒன்று உள்ளே உண்டு. ப்ளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதைத் திறப்பது நம்போன்றோர் வேலையன்று.

பிறிதொரு சமயம், கணிப்பொறியின் கடிகாரம் ஒவ்வொரு நாளும் பழைய ஆண்டையே காட்டியது. இணையத்தளங்கள் பல திறக்க மறுத்தன. தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்ததே காரணம். தேதி தவறாயின், இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றுகள் செல்லாதவை போல் தோன்றும். மிகச் சிறிய பொருளை மாற்றியதும் பெரிய தொல்லை தீர்ந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி கடுமையானது. 2015-இல் ஹார்ட் டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்னும் ஒலி எழுந்தது. மேசைக் கணிப்பொறியின் வட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்வது. எழுத்தைப் படிக்கும் முனை அதைத் தொடாமல், மயிரிழையினும் குறைந்த இடைவெளியில் மிதக்கும். அது தடுமாறும்போது மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தல் புண்ணைக் கிளறுவதற்கு ஒப்பாகும். நல்வேளையாக, நான் உடனே நிறுத்தினேன். பின்னர் மற்றொரு கணிப்பொறியுடன் அதை இணைத்து, வேறெதையும் நாடாமல், தந்தையாரின் பக்கங்களை மட்டும் முதலில் படியெடுத்தேன். மறுநாள் அவ்வட்டு முற்றிலும் செயலற்றது.

மூன்றாவது சோதனை அதன்பின் காத்திருந்தது. மீட்ட கோப்பைப் புதிய கணிப்பொறியில் திறந்தபோது, தமிழே இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தன. எல்லாம் அழிந்தது என்றே கலங்கினேன். உண்மையில் எதுவும் அழியவில்லை.

கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே அறியும். நான் முன்பு பயன்படுத்திய பாமினி எழுத்துரு, ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்துக்குரிய 109 என்னும் எண்ணில் அகரத்தை வரைந்து வைத்திருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் 109 மீண்டும் ஆங்கில எழுத்தாகவே தோன்றும். 1991-இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிகோடு முறையிலோ, அகரத்துக்கென்றே 2949 என்னும் எண் உண்டு. அது உலகெங்கும் அகரமே. எழுத்துரு மாற்றும் செயலியால் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றினேன். மூலக் கோப்பைத் தொடாமல், அதன் படியிலேயே அவ்வேலையைச் செய்தேன். பழைய முறையில் ‘கொ’ என்பதில் கொம்பு முதலிலும் ககரம் பின்னும் வரும். புதிய முறையில் ககரமே முதலில். இதனால் பிழைகள் நேரலாம் என்று வரிவரியாக ஒப்புநோக்கினேன்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் பலரிடம் இத்தகைய பழைய கோப்புகள் இருக்கக்கூடும்: பெற்றோர் சொன்ன கதைகள், தமிழ்ச் சங்க மலர்கள், குடும்பக் கடிதங்கள். அவற்றை இன்றே திறந்து பாருங்கள். படிக்க இயலாதனவற்றை அழித்துவிடாதீர்கள், யூனிகோடுக்கு மாற்றுங்கள். முக்கியமானவற்றுக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களிலேனும் இருத்தல் வேண்டும். ஒரு படி வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். என் மூன்றாம் படி சென்னையில் தமக்கையார் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

யந்திரம் பழுதானால் மற்றொன்று கடையில் கிடைக்கும். தந்தையாரின் சொற்கள் எக்கடையிலும் கிடைக்கமாட்டா. அவை இன்று நல்ல தமிழெழுத்தில் உள்ளன. என் மகள் அவற்றை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.