ஒருவருக்கு நாளைக்கு 33 ரூபாய்... வீடற்றோர் காப்பகம் நடத்த தொண்டு நிறுவனங்களுக்கு மாநகராட்சி நிதி எப்படிப் போகிறது?

சென்னையில் இரவு 11 மணிக்கு மேல் ரயில் நிலையம், பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நடைபாதையில் அட்டையை விரித்துப் படுத்திருப்பவர்களில் பலருக்கு அதுதான் நிரந்தர முகவரி. இவர்களுக்காக மாநகராட்சி 'நகர்ப்புற வீடற்றோர் காப்பகம்' வைத்திருக்கிறது. போர்டில் இருப்பது மாநகராட்சியின் பெயர். ஆனால், உள்ளே போனால் பாய் எடுத்துக் கொடுப்பவரும், பதிவேடு எழுதுபவரும், காய்ச்சல் வந்தவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவரும் மாநகராட்சி ஊழியர்கள் இல்லை. ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆட்கள்.

அந்த நிறுவனத்தை யார் தேர்வு செய்கிறார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது? அது போதுமா?

முதலில், இது ஏன் மாநகராட்சியின் வேலை?

2001-ல் பி.யு.சி.எல் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த உணவு உரிமை வழக்கில்தான் இது தொடங்குகிறது. டெல்லி குளிரில் தெருவோர மக்கள் இறந்துபோவது பற்றி 2010-ல் இந்த வழக்கில் பேச்சு வந்தது. அதன் தொடர்ச்சியாக, நகரங்களில் 1 லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்ற அளவில், 24 மணி நேரமும் திறந்திருக்கும்படி அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அதில் நகரங்களில் மட்டும் 9.38 லட்சம்.

2013-ல் மத்திய அரசு தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தைக் கொண்டுவந்தபோது, வீடற்றோர் காப்பகம் அதில் ஒரு பிரிவாகச் சேர்ந்தது. இட வசதி ஒருவருக்கு 50 சதுர அடி. ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர் வரை. பெண்களுக்குத் தனி, குடும்பங்களுக்குத் தனி, முதியவர்கள், மனநலம் பாதித்தவர்களுக்குத் தனி. எல்லாம் வழிகாட்டு நெறிமுறையில் தெளிவாகவே இருக்கிறது. விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 2011 கணக்குப்படியே ஏறத்தாழ 67 லட்சம். அப்படியென்றால் குறைந்தது 67 காப்பகம் வேண்டும். அதன் பிறகு நகரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தொண்டு நிறுவனம் தேர்வாவது எப்படி?

மாநகராட்சி விருப்பக் கடிதம் கேட்டு அறிவிப்பு வெளியிடும். சாலை, மழைநீர் வடிகால் டெண்டர் மாதிரி 'யார் குறைந்த விலைக்குச் செய்வார்கள்' என்ற போட்டி இதில் பொதுவாக வராது. காரணம், தொகை திட்டத்திலேயே நிர்ணயிக்கப்பட்டது. அதனால் பார்க்கப்படுவது பேப்பர்கள்தான். அறக்கட்டளையா, 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கமா? தணிக்கை செய்த கணக்கு இருக்கா? நிதி ஆயோக்கின் 'தர்ப்பண்' தளத்தில் பதிவு எண் வாங்கியாச்சா? இதே மாதிரி வேலை செய்த அனுபவம் உண்டா?

விண்ணப்பங்களை அதிகாரிகள் பரிசீலித்து, ஒப்புதல் வாங்கி, ஒப்பந்தம் போடுவார்கள். கட்டடம் பெரும்பாலும் மாநகராட்சியுடையது, நிர்வாகம் தொண்டு நிறுவனத்துடையது. நிதி தொடர்பான முடிவுகள் மாமன்றத் தீர்மானமாக வரும்போது, உங்கள் வார்டு கவுன்சிலர் எழுந்து கேள்வி கேட்க வாய்ப்பு உண்டு. ஆனால் 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை சென்னையில் கவுன்சிலர்களே கிடையாது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்தான் மாமன்றம், அவரே தீர்மானம். கொரோனா காலத்தில் தெருவோர மக்களை அவசரமாகத் தங்கவைத்ததும் இந்த இடைவெளியில்தான்.

கையில் கிடைப்பது எவ்வளவு?

50 பேர் தங்கும் காப்பகத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் பராமரிப்புச் செலவு என்பது மத்தியத் திட்டத்தின் கணக்கு. இதில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம்.

6 லட்சம் என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு 50,000 ரூபாய். ஒரு ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். ஒரு நாளைக்கு 33 ரூபாய்.

இதுவும் முழுசா தங்குபவருக்குப் போகாது. காப்பகம் 24 மணி நேரமும் திறந்திருக்கணும். 8 மணி நேர ஷிஃப்ட்டுக்கு ஒருவர் என்று வைத்தாலே மூன்று பேர் வேண்டும். அவர்களுக்கு லீவு வேண்டுமென்றால் நாலாவது ஆள். மூன்று பேருக்கும் தலா 10,000 ரூபாய் சம்பளம் என்று ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம், அதிலேயே 30,000 போயிடும். மிச்சம் 20,000. அதாவது ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 13 ரூபாய் சொச்சம். சோப்பு, பினாயில், பாய், போர்வை, மாத்திரை, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, இறந்துபோனவரை யாரும் தேடி வரவில்லை என்றால் அடக்கம்... சாப்பாட்டை இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அப்போ காப்பகங்கள் எப்படி ஓடுது? பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடுபவர்கள், கல்யாண வீட்டில் மிஞ்சியதைக் கொடுப்பவர்கள், பழைய துணி தருபவர்கள், நிறுவனங்களின் சி.எஸ்.ஆர் நிதி. அரசு மானியம் பாதி தூரம்தான் வருகிறது, மீதி தூரத்தை நன்கொடைதான் இழுக்கிறது.

ஆக, நன்கொடை திரட்டும் பலம் இல்லாத சின்ன அமைப்பு, அந்தத் தெருவையே கரைத்துக் குடித்திருந்தாலும் விண்ணப்பிக்கவே யோசிக்கும். தேர்வுக் குழு கூடுவதற்கு முன்பே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது.

பணம் ஏன் லேட்டாகிறது?

மானியம் மொத்தமாக வராது, தவணைகளாக வரும். அடுத்த தவணை வேண்டுமென்றால், முன்பு வாங்கியதை எதற்குச் செலவழித்தோம் என்று 'பயன்பாட்டுச் சான்றிதழ்' கொடுக்க வேண்டும். மத்திய அரசின் 2017-ம் ஆண்டு பொது நிதி விதிகளில் இது கட்டாயம். நியாயமான விதிதான், பொதுப் பணத்துக்குக் கணக்கு கேட்காமல் எப்படி விடுவது?

சிக்கல் அந்தச் சான்றிதழ் போகும் பாதையில் இருக்கிறது. காப்பகத்தின் கணக்கு மண்டல அலுவலகத்துக்கு, அங்கிருந்து ரிப்பன் மாளிகைக்கு, பிறகு மாநில இயக்கத்துக்கு, கடைசியாக டெல்லிக்கு. ஒரு ஊரின் ஒரு காப்பகம் கணக்கைச் சரியாக முடித்திருந்தாலும், வேறு ஊர்களின் கணக்கு சேராவிட்டால் மொத்தமாகத் தேங்கும். அதுவரை கரண்ட் பில்லும் சம்பளமும் காத்திருக்காது. நிறுவனம் கைக்காசைப் போடும், இல்லையென்றால் காப்பாளருக்குச் சம்பளம் நிற்கும். சம்பளம் வராத காப்பாளர் எத்தனை மாதம் இரவு ஷிஃப்ட்டுக்கு வருவார்?

பணம் ஒதுக்குவது வேறு, போய்ச் சேர்வது வேறு என்பதை உச்ச நீதிமன்றமும் கவனித்தது. நிதி இருந்தும் காப்பகங்கள் போதுமான அளவில் அமையவில்லை என்ற அதிருப்தியில், 2016 நவம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவையே அமைத்தது.

இன்னொரு விஷயமும் இருக்கு. பராமரிப்புக்கான மத்திய உதவி ஒரு காப்பகத்துக்கு 5 ஆண்டுகளுக்குத்தான். அந்த வாழ்வாதார இயக்கமே 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கு எந்தத் திட்டம் எப்போது முடிந்தது என்று தெரியாது. பொறுப்பு கடைசியில் மாநில அரசு, மாநகராட்சியின் பட்ஜெட்டில் வந்து நிற்கும்.

நீங்கள் கேட்க முடியுமா?

முடியும். மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்.டி.ஐ மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். 'காப்பகத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்' என்று மட்டும் கேட்டால் ஒரு நம்பர் வரும், அவ்வளவுதான். கடைசித் தவணை எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, அதற்கு முந்தைய பயன்பாட்டுச் சான்றிதழ் எந்தத் தேதியில் மண்டலத்துக்கு வந்தது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால், தாமதம் எந்த மேஜையில் என்று தெரிந்துவிடும். அந்த மாதம் ஒவ்வொரு இரவும் எத்தனை பேர் தங்கினார்கள் என்ற பதிவேட்டையும் கேட்கலாம்.

தொண்டு நிறுவனத்திடமே நேரடியாகவும் கேட்கலாம். அரசு நிதி கணிசமாக வாங்கும் தொண்டு நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'கணிசம்' என்றால் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.