மென்டருக்கு ரூ.1.2 லட்சம் கொடுக்கலாமா? சொந்தமா கத்துக்கலாமா?

"சார், கைக்கு மாசம் 40,000 வருது. மென்டரோட சேர்ந்த டெவலப்பர் கோர்ஸ் 1.2 லட்சம் சொல்றாங்க. சேரலாமா?" வரி தாக்கல் சீசனில் ஐடி பசங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது. வாங்க, கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

உண்மையான விலை என்ன?

ஃபீஸ் 1,20,000. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 21,600. மொத்தம் 1,41,600. 12 மாச ஈஎம்ஐன்னா மாசம் 11,800. உங்க சம்பளத்தில் கிட்டத்தட்ட 30%! வரியில் கழிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. வரிக்கழிவில் வரும் டியூஷன் ஃபீஸ் பிள்ளைகளோட படிப்புக்கு மட்டும்தான், உங்க படிப்புக்கு இல்லை.

இன்னொரு விஷயம். 'நோ காஸ்ட் ஈஎம்ஐ'யும் கடன்தான். பெரும்பாலும் அதைக் கொடுக்கிறது கோர்ஸ் நடத்துறவங்க இல்ல, ஒரு நிதி நிறுவனம். மென்டர் சரியில்லைன்னு நீங்க பாதியில் நின்னாலும் ஈஎம்ஐ தானா நிக்காது. கட்டாம விட்டா சிபில் ஸ்கோர் அடிவாங்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போதுதான் அதோட வலி தெரியும்.

அப்போ சொந்தமா படிக்கிறது இலவசமா?

பாடம் இலவசம்தான். ஹார்வர்டின் சிஎஸ்50, ஃப்ரீகோட்கேம்ப், என்பிடெல் எல்லாமே காசில்லாம படிக்கலாம். என்பிடெல்லில் சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஆனா உங்க நேரத்துக்கு விலை இருக்கு. வேலை மாறினா மாசம் 10,000 கூடுதலா வரும்னு வச்சுக்கோங்க. அஞ்சு கோர்ஸை அரைகுறையா விட்டு ஒரு வருஷம் ஓட்டினா, நஷ்டம் 1,20,000. அதாவது, சேராத கோர்ஸுக்கு ஃபீஸ் கட்டின மாதிரி!

என்ன செய்யலாம்?

1. முதல் 90 நாள் சொந்தமா படிங்க. ஒரே ஒரு கோர்ஸ், ஒரே ஒரு ப்ராஜெக்ட். முடிச்சு கிட்ஹப்பில் போடுங்க.

2. ஆபீஸில் ஒரு சீனியர்கிட்ட உங்க கோடை ரிவ்யூ பண்ணச் சொல்லுங்க. காசு வாங்காத மென்டர் அவர்தான்.

3. அப்பவும் முட்டிக்கிட்டு நின்னா, மணிக்கணக்கில் மென்டரை எடுங்க. மணிக்கு 1,500 வீதம் ஆறு மணி நேரம்னா 9,000தான்.

4. கம்பெனியில் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவாங்களான்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க.

பாடம் நடத்தறதுக்காக மென்டருக்குக் காசு கொடுக்காதீங்க, அது இலவசமாவே கிடைக்குது. உங்க தப்பைக் கண்டுபிடிச்சுச் சொல்றதுக்குக் கொடுங்க. அதை எந்த வீடியோவும் செய்யாது, என் வீடியோ உட்பட!

பெரிய கோர்ஸில்தான் சேரணும்னா, அவசர கால நிதியைத் தொடாம, கடன் வாங்காம கட்ட முடியணும். மென்டர் யாரு, எத்தனை மணி நேரம் தருவார், பாதியில் விலகினா எவ்வளவு திரும்ப வரும்? மூணுக்கும் எழுத்தில் பதில் வாங்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.